பாட வந்தவர் சிரிக்க வைத்தார்!

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறிய ஊர்தான்.

கோடைகாலம் வந்துவிட்டால் அந்த ஊரில் சிரிப்பு விழா நடக்கும். பல ஊர்களில் இருந்தும் ரசிகர்கள் வந்து கூடுவார்கள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

அது ஒரு சிரிப்பு நடிகை பிறந்த ஊர். அவர் பெயர் லூசில் பால். ரசிகர்கள் செல்லமாக "லூசி" என்று அழைப்பார்கள். 1951-ம் ஆண்டில் தொடங்கிய ஒரு டெலிவிஷன் நாடகத்தில் அவர் நடித்தார். அந்த நாடகம் அவரை உலகப் புகழ் பெறச் செய்தது.

நாடகத்தின் பெயர்: "ஐ லவ் லூசி". அதாவது, "நான் லூசியைக் காதலிக்கிறேன்".

அந்த ஊரில் இந்த நாடகத்துக்காகவே ஒரு காட்சிசாலை இருக்கிறது. நாடகத்தில் வரும் வீட்டுக்கூடத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் அதன் முன்னே நின்று பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

எது பெரிய சிரிப்பு?

"எந்தக் கட்டத்தில் அதிகமாகச் சிரித்தீர்கள்?"

இதுதான் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி.

"டானிக் கட்டம்தான்!" என்பார் ஒருவர்.

லூசி ஒரு டானிக் விளம்பரத்தில் நடிக்கப் போவார். "இதைக் குடித்தால் களைப்புத் தீரும்" என்று சொல்லி ஒரு கரண்டி குடிக்க வேண்டும். ஒத்திகை மேல் ஒத்திகை நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி உள்ளே போகும். டானிக்கில் நூற்றுக்கு 23 பங்கு சாராயம் இருப்பது லூசிக்குத் தெரியாது. கடைசியில் நாக்குக் குழறும். டானிக்கின் பெயரே வாயில் வராது!

"இல்லை, இல்லை! திராட்சைக் கட்டம்தான்!" என்பார் இன்னொருவர்.

லூசி இத்தாலி நாட்டுக்குப் போவார். திராட்சைப் பழத் தொட்டியில் இறங்கி, காலால் மிதிப்பார். அங்கே வேலை செய்யும் பெண்ணோடு சண்டை வந்துவிடும். இரண்டு பேரும் தொட்டிக்குள் கட்டிப் புரளுவார்கள். இது 1956-ல் வந்தது.

"சாக்லெட் கட்டத்தை மறந்துவிட்டீர்களே!" என்று ஒரு பாட்டி குறுக்கே புகுவார்.

உடனே எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அதை யாரால் மறக்க முடியும்?

லூசியும் பக்கத்து வீட்டுத் தோழி எத்தலும் சாக்லெட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருவார்கள். ஓடும் பட்டையில் சாக்லெட்டுகள் வரும். ஒவ்வொன்றையும் எடுத்துக் காகிதம் சுற்ற வேண்டும். முதலில் பட்டை மெதுவாக ஓடும். பிறகு வேகம் பிடிக்கும். காகிதம் சுற்ற நேரம் இல்லை. சாக்லெட்டை வாயில் போட்டு அடைப்பார்கள். தொப்பிக்குள் ஒளிப்பார்கள். சட்டைக்குள் திணிப்பார்கள்.

1952-ல் வந்த அந்தக் கட்டத்தை இன்று பார்க்கும் குழந்தைகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

மறந்துபோன பாதி

ஆனால் அதே நாடகத்தில் இன்னொரு பாதியும் உண்டு. பேச்சில் பலர் அதை விட்டுவிடுவார்கள்.

பெண்கள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள் அல்லவா? அப்போது வீட்டு வேலையை யார் பார்ப்பது? புருஷன்மார் இரண்டு பேரும்தான்!

லூசியின் கணவர் சமையல் செய்யப் புறப்படுவார். நான்கு பேருக்குச் சோறு ஆக்க வேண்டும். எவ்வளவு அரிசி போடுவது? "ஆளுக்கு ஒரு பவுண்டு" என்று முடிவு செய்வார்கள். ஏறக்குறைய அரைக் கிலோ!

சோறு பொங்கும். பானையை விட்டு வழியும். அடுப்பெல்லாம் சோறு. தரையெல்லாம் சோறு. அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும். கணவர் அதில் கால் வழுக்கி விழுவார். எழுந்திருப்பார். மறுபடியும் வழுக்குவார்.

இந்தக் கணவராக நடித்தவர் யார்?

அவர் ஒரு பாட்டுக்காரர். பெயர் டெசி ஆர்னாஸ். லூசிக்கு நிஜ வாழ்க்கையிலும் அவர்தான் கணவர்!

"நான் லூசியைக் காதலிக்கிறேன்" என்ற பெயரில் லூசியை எல்லோருக்கும் தெரியும். அந்த "நான்" யார் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். அந்த "நான்" இவர்தான்.

பாட்டுக்காரருக்குச் சிரிப்பு எப்படி வந்தது? அது ஒரு பெரிய கதை.

மேயர் மகன்

டெசி கியூபா தீவில் பிறந்தவர். ஊர், சாந்தியாகோ. பிறந்த நாள், 1917 மார்ச்சு 2.

அவருடைய தகப்பனார் அந்த நகரத்துக்கு மேயர். வீட்டில் செல்வம் கொழித்தது. மகன் ராஜா போல வளர்ந்தான்.

1933-ம் ஆண்டில் கியூபாவில் புரட்சி வெடித்தது. ஆட்சி கவிழ்ந்தது. பழைய ஆட்சியைச் சேர்ந்த தகப்பனாரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஆறு மாதம் சிறையில் இருந்தார். சொத்தெல்லாம் பறிபோயிற்று.

தகப்பனும் மகனும் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்கள். மியாமி நகரத்தில் குடியேறினார்கள். டெசிக்கு அப்போது இங்கிலீஷ் சரியாகப் பேச வராது. கையில் காசும் கிடையாது.

பிழைப்புக்காக அவர் செய்த வேலைகளில் ஒன்று, பறவைக் கூண்டுகளைச் சுத்தம் செய்வது! மேயர் மகன் குருவிக் கூண்டு கழுவினார்.

ஆனால் அவருக்கு ஒரு சொத்து மிச்சம் இருந்தது. அதை யாராலும் பறிக்க முடியவில்லை. அதுதான் பாட்டு. கிட்டார் வாசிப்பார். கியூபா நாட்டு மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிப்பார்.

தோல்வியில் பிறந்த ஆட்டம்

அந்தக் காலத்தில் சேவியர் கூகாட் என்பவர் பெரிய பாண்டு வாத்தியக் குழு நடத்தினார். அவரிடம் டெசி கொஞ்ச காலம் பாடினார். பிறகு மியாமியில் சொந்தமாக ஒரு குழு அமைத்தார்.

முதல் நாள் கச்சேரியே சொதப்பல்! வாத்தியக்காரர்களுக்குக் கியூபா இசை தெரியவில்லை. ஒருவர் ஒரு பக்கம் இழுத்தார். இன்னொருவர் வேறு பக்கம் இழுத்தார்.

வேறு யாராவது இருந்தால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். டெசி அப்படிப் போகவில்லை. தன் ஊர்த் திருவிழாவில் ஜனங்கள் வரிசையாக ஆடும் ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. மேளத்தை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஓர் உதை! வந்தவர்களையும் வரிசையில் இழுத்துவிட்டார். எல்லோரும் ஆடினார்கள். வாத்தியம் சரியில்லை என்பதை மறந்தே போனார்கள்!

அதுதான் "காங்கா" ஆட்டம். அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களில் டெசி முக்கியமானவர்.

ஆபத்து வரும்போது வேடிக்கையால் தப்புவது எப்படி என்று அன்றைக்கே அவர் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் பின்னால் ஒரு பெரிய ஆபத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

காதல், கல்யாணம்

1940-ல் ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். டெசி அதில் நடிக்க வந்தார். லூசியும் அதே படத்தில் நடித்தார். கண்டார்கள், காதல் கொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கல்யாணம் நடந்தது.

கல்யாணம் ஆயிற்றே தவிர, சேர்ந்து வாழ நேரம் இல்லை. டெசி பாண்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போவார். லூசி ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டிருப்பார். இருவரும் பேசியதில் பாதி டெலிபோனில்தான்!

1948-ல் லூசி ரேடியோ நாடகத்தில் நடிக்க ஆரம்பித்தார். அது ஒரு புருஷன் பெண்டாட்டி நாடகம். நல்ல பெயர் எடுத்தது. அதை டெலிவிஷனில் காட்டலாம் என்று சி.பி.எஸ். ஒலிபரப்புக் கம்பெனி நினைத்தது.

லூசி ஒரு நிபந்தனை போட்டார். "டெலிவிஷனில் என் கணவராக நடிக்க வேண்டியவர் என் கணவர்தான்!"

கம்பெனிக்காரர்கள் திடுக்கிட்டார்கள்.

"ஜனங்கள் நம்ப மாட்டார்கள்!"

"கியூபாக்காரர் ஒருவர் அமெரிக்கப் பெண்ணுக்குப் புருஷனாக வந்தால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்" என்பது அவர்கள் வாதம்.

இதைவிட வேடிக்கை உண்டா? நிஜத்தில் இருவரும் புருஷன் பெண்டாட்டி. கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆகப் போகிறது. அதைத்தான் நம்ப மாட்டார்களாம்!

டெசி சண்டை போடவில்லை. 1950-ம் ஆண்டில் மனைவியை அழைத்துக்கொண்டு நாடக மேடைகளுக்குப் புறப்பட்டார். டெசி மேடையில் பாடுவார். லூசி தொளதொளப்பான கோட்டு அணிந்து, கோமாளி போல நடுவில் வந்து கெடுப்பார். டெசி கோபப்படுவார். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

போன ஊரெல்லாம் வெற்றி! ஜனங்கள் நம்புவார்களா, மாட்டார்களா என்ற கேள்விக்கு ஜனங்களே பதில் சொல்லிவிட்டார்கள். கம்பெனி ஒப்புக்கொண்டது.

1951 அக்டோபர் 15-ந் தேதி, திங்கள்கிழமை. "ஐ லவ் லூசி" முதல் நாடகம் வெளிவந்தது.

கணக்கில் புலி

நியூயார்க்கில் இருந்து நாடகத்தை நேரடியாகக் காட்ட வேண்டும் என்று கம்பெனி சொல்லியது. லூசிக்கும் டெசிக்கும் ஹாலிவுட்டை விட்டுப் போக மனம் இல்லை.

"பிலிமில் எடுப்போம். பிரதி எடுத்து எல்லா ஊருக்கும் அனுப்புவோம். எங்கும் படம் ஒரே மாதிரி தெளிவாகத் தெரியும்" என்பது டெசியின் யோசனை.

அதற்குச் செலவு அதிகம். "எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிலிம் எங்களுக்குச் சொந்தம்" என்றார் டெசி.

கம்பெனி சம்மதித்தது. ஒரு தடவை காட்டிய நாடகத்தை மறுபடியும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த நாளில் பலர் நினைத்தார்கள்.

அந்தப் பிலிம்தான் பிற்காலத்தில் தங்கச் சுரங்கம் ஆயிற்று! ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கம்பெனியே பிலிமை லட்சக்கணக்கான டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. டெசியும் லூசியும் 1957-ல் ஒரு பெரிய ஸ்டூடியோவை விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் முதன்முதலில் சந்தித்த படத்தை எடுத்தார்களே, அதே ஆர்.கே.ஓ. கம்பெனியின் ஸ்டூடியோ!

படம் எடுக்கும் முறையும் புதுமையாக இருந்தது. சுமார் 300 ரசிகர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மூன்று காமிராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். காமிரா நிபுணர் கார்ல் பிராயின்ட் அதற்கு ஏற்றபடி விளக்குகளை அமைத்தார். நாடகத்தில் கேட்கும் சிரிப்பு, அங்கே இருந்த ரசிகர்களின் நிஜச் சிரிப்பு.

ஒவ்வொரு தடவையும் படப்பிடிப்புக்கு முன்னால் டெசி ரசிகர்கள் முன்னே வருவார். வேடிக்கையாகப் பேசி அவர்களைச் சிரிக்க வைப்பார். பிறகுதான் நாடகம் ஆரம்பம் ஆகும்.

இங்கிலீஷ் படுத்திய பாடு

டெசியின் இங்கிலீஷ் ஒரு தனி ரகம். கோபம் வந்துவிட்டால் ஸ்பானிஷ் மொழியில் பொரிந்து தள்ளுவார். அது என்ன அர்த்தம் என்று ரசிகர்களுக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே சிரிப்பார்கள்.

நாடக ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். டெசியின் உச்சரிப்பை லூசி கேலி செய்தால் ரசிகர்கள் சிரித்தார்கள். வேறு யாராவது கேலி செய்தால் சிரிக்கவில்லை! பெண்டாட்டி செய்வது செல்லக் கேலி. மற்றவர் செய்தால் அது அவமானம். ரசிகர்களுக்கு அந்த வித்தியாசம் புரிந்தது. எனவே அந்தக் கேலியை லூசிக்கு மட்டும் விட்டார்கள்.

1952 டிசம்பரில் வந்த ஒரு கட்டத்தை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

பிறக்கப் போகும் குழந்தைக்காக டெசி ஒரு கதைப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் வரும். ஒரு வார்த்தையில் அதற்கு "அஃப்" என்று ஓசை. இன்னொரு வார்த்தையில் "ஊ" என்று ஓசை. வேறொன்றில் "ஆஃப்". இன்னொன்றில் "அவ்". எழுத்து ஒன்றே. ஓசை நான்கு!

டெசி ஒவ்வொன்றையும் தப்பாகப் படிப்பார். லூசி திருத்துவார். அடுத்த வார்த்தையை அந்தத் திருத்தத்தின்படி படிப்பார். அதுவும் தப்பு! கடைசியில் இது என்ன பாஷை என்று சலித்துப்போவார்.

இங்கிலீஷ் கற்கத் திண்டாடிய யாருக்கும் அவர் கஷ்டம் புரியும்!

லூசி குறும்பு செய்வார். டெசி அதைப் பார்த்துத் திகைப்பார். கண்கள் பிதுங்கும். வாய் பிளக்கும். அந்தத் திகைப்பு இல்லாவிட்டால் குறும்புக்குப் பாதி ருசிதான். பாட்டுக்காரருக்குத் தாளம் தெரியும். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அழுகையும் சிரிப்பும்

லூசிக்குக் கல்யாணம் ஆகிப் பத்து ஆண்டுக்கு மேல் குழந்தை இல்லை. கரு உண்டாகிக் கலைந்துபோன துயரமும் உண்டு. 1951-ல்தான் முதல் குழந்தை, மகள் பிறந்தாள். 1952-ல் லூசி மறுபடியும் கர்ப்பம் ஆனார்.

நாடகத்தை நிறுத்தவா, நடத்தவா?

"நாடகத்திலும் லூசி கர்ப்பம் என்றே காட்டுவோம்" என்றார் டெசி. கம்பெனி பயந்தது. அந்தக் காலத்தில் "கர்ப்பம்" என்ற சொல்லையே டெலிவிஷனில் சொல்லக் கூசினார்கள். கடைசியில், அந்தச் சொல்லை விட்டுவிட்டு நாடகத்தை நடத்தினார்கள். கதையை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்டு பாதிரியார், ஒரு யூத குரு மூவரும் படித்துப் பார்த்தார்கள்!

அதில் ஒரு கட்டம். டெசி ஓட்டல் மேடையில் பாடிக்கொண்டிருப்பார். ஒரு சீட்டு வரும். "இங்கே வந்திருக்கும் ஒரு பெண் தாயாகப் போகிறாள். அவள் கணவனுக்கு இன்னும் தெரியாது. குழந்தைப் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்று இருக்கும். டெசி மேஜை மேஜையாகப் போய்க் கேட்பார். ஒரு மேஜையில் லூசி உட்கார்ந்திருப்பார்.

"நீயா?" என்பது போலப் பார்ப்பார். லூசி தலையை ஆட்டுவார்.

அந்த இடத்தில் டெசிக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. பாட்டு தடுமாறியது. கதையில் அழுகை எழுதப்படவில்லை. ஆனால் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தார்கள்.

1953 ஜனவரி 19-ந் தேதி லூசிக்கு மகன் பிறந்தான். அன்று இரவு நாடகத்திலும் லூசிக்கு மகன் பிறந்தான்! சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

சிவப்பு ஆபத்து

புகழின் உச்சியில் இருக்கும்போதுதான் இடி விழுந்தது.

அப்போது அமெரிக்காவில் "கம்யூனிஸ்டு" என்ற பேச்சு எடுத்தாலே நடுக்கம். கம்யூனிஸ்டுகளைச் "சிவப்பு" என்பார்கள். சந்தேகம் வந்தாலே போதும். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வேலை போய்விடும். பலர் அப்படிப் பிழைப்பை இழந்தார்கள்.

1936-ம் ஆண்டில் லூசி வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தபோது, கம்யூனிஸ்டு கட்சி என்று எழுதியிருந்தார். அவரை வளர்த்த தாத்தாவுக்குத் தொழிலாளர் இயக்கத்தில் பற்று அதிகம். தாத்தா மனம் நோகக்கூடாது என்று அப்படி எழுதியதாக லூசி சொன்னார். 1953 செப்டம்பரில் காங்கிரஸ் சபையின் விசாரணைக் குழுவிடம் அதை விளக்கினார். விசாரணை ரகசியமாக நடந்தது.

ரகசியம் வெளியே கசிந்தது. ரேடியோவில், பெயர் சொல்லாமல் ஒருவர் குறிப்புக் காட்டினார். பிறகு ஒரு பத்திரிகை பெரிய எழுத்தில் செய்தி போட்டது. சிவப்பு மையில்!

அன்று மாலை படப்பிடிப்பு. ரசிகர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லூசி உள்ளே இருந்தார். வெளியே வந்தால் கைதட்டுவார்களா, கூச்சல் போடுவார்களா? யாருக்கும் தெரியாது. ஒரு கூச்சல் கிளம்பினால் போதும். நாடகம், ஸ்டூடியோ, வேலைக்காரர்களின் பிழைப்பு எல்லாம் ஒரே இரவில் கவிழ்ந்துவிடும்.

டெசி ரசிகர்கள் முன்னே வந்தார். வழக்கமான வேடிக்கைப் பேச்சு இல்லை. லூசி கம்யூனிஸ்டு அல்ல என்று உறுதியாகச் சொன்னார். ரசிகர்கள் கைதட்டினார்கள்.

பிறகு மனைவியை அழைத்தார். அப்போதுதான் அந்த வேடிக்கை அவர் வாயில் இருந்து வந்தது.

லூசியின் தலைமுடி செக்கச்செவேல் என்று இருக்கும். அது சாயம் போட்ட முடி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"லூசியிடம் சிவப்பாக இருப்பது முடி ஒன்றுதான். அதுவும் சொந்தச் சிவப்பு அல்ல!" என்றார் டெசி.

கொட்டகை சிரிப்பால் அதிர்ந்தது. லூசி வெளியே வந்தார். கைதட்டல் வானைப் பிளந்தது. அன்றைய நாடகம் நடந்து முடிந்தது.

சிரித்த பிறகு பகைக்க முடியாது அல்லவா? விசாரணைக் குழுவைச் சேர்ந்தவரும் லூசிமேல் குற்றம் இல்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விளம்பரக் கம்பெனியும் கைவிடவில்லை. நாடகம் தொடர்ந்தது.

2021-ல் வந்த "பீயிங் த ரிக்கார்டோஸ்" என்ற சினிமாப் படம் இந்த நெருக்கடியைத்தான் கதையாக வைத்தது.

பரிசு இல்லை

"ஐ லவ் லூசி" 1957 வரை நடந்தது. மொத்தம் 180 நாடகங்கள். டெலிவிஷனில் பெரிய பரிசான எம்மி பரிசு நாடகத்துக்குக் கிடைத்தது. லூசிக்குக் கிடைத்தது. தோழியாக நடித்த விவியன் வான்சுக்குக் கிடைத்தது. தோழியின் கணவராக நடித்த வில்லியம் பிராலியின் பெயர் ஐந்து தடவை போட்டிக்குப் போயிற்று.

டெசியின் நடிப்புக்கு? ஒரு தடவைகூடப் போட்டியில் பெயர் இல்லை!

ரசிகர்கள் பேச்சில் இன்றும் இது ஒரு குறை. "அவர் நடித்த மாதிரியே தெரியவில்லை. அதனால்தான் கொடுக்கவில்லை" என்று சமாதானம் சொல்வார்கள்.

பிரிந்தார்கள்

நாடகத்தில் ஒவ்வொரு சண்டையும் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. வாழ்க்கையில் அப்படித் தீரவில்லை.

டெசிக்கு ஓயாத வேலை. குடிப் பழக்கமும் சேர்ந்தது. வீட்டில் சச்சரவு வளர்ந்தது. 1960-ல் விவாகரத்து ஆயிற்று. 1962-ல் டெசியின் பங்கை லூசி விலைக்கு வாங்கினார். டெசி கம்பெனியை விட்டு விலகினார்.

ஆனால் பகை இல்லை. குழந்தைகள் இருவருக்கும் தாயும் தகப்பனுமாகக் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள்.

1976-ல் டெசி தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? "ஒரு புத்தகம்"! அடுத்த பாகத்துக்கு, "இன்னொரு புத்தகம்" என்று பெயர் வைக்க எண்ணியிருந்தார். அது வெளிவரவில்லை.

அதே ஆண்டில் "சாட்டர்டே நைட் லைவ்" என்ற சிரிப்பு நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். அங்கே இளைஞர்களின் கேலிக்கு எல்லையே இல்லை. வயது 60-ஐ நெருங்கிய பாட்டுக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தார்கள்.

அவர் தன்னையே கேலி செய்துகொண்டார். தன் கம்பெனி எடுத்த துப்பறியும் நாடகத்தையும் கேலி செய்தார். கடைசியில் மேளத்தை எடுத்தார். பாடிக்கொண்டே காங்கா வரிசையை நடத்திக்கொண்டு போனார். இளைஞர்கள் பின்னாலேயே ஆடிக்கொண்டு போனார்கள். மியாமியில் முதல் நாள் கச்சேரியைக் காப்பாற்றிய அதே ஆட்டம்!

கடைசிச் செய்தி

1986 டிசம்பர் 2-ந் தேதி டெசி காலமானார். புற்றுநோய். வயது 69.

ஐந்து நாள் கழித்து, வாஷிங்டன் நகரில் லூசிக்குப் பெரிய பாராட்டு விழா. கென்னடி மண்டபத்தில் நடந்தது. டெசி சாவதற்கு முன்பே அந்த விழாவுக்காக ஒரு செய்தி எழுதி வைத்திருந்தார். நடிகர் ராபர்ட் ஸ்டாக் அதை மேடையில் படித்தார்.

நாடகத்தின் வெற்றியை யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடச் சொன்னால், நூற்றுக்கு 90 பங்கை லூசிக்குக் கொடுங்கள், மிச்சம் 10 பங்கை மற்ற எல்லோரும் பிரித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். நாடகம் என்றால் லூசிதான், நாங்கள் எல்லாம் மேடையில் வைக்கும் சாமான்கள், நல்ல சாமான்கள்தான், ஆனாலும் சாமான்கள்தான் என்றும் எழுதியிருந்தார்.

சாகும் நேரத்திலும் வேடிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

செய்தியின் கடைசியில் ஒரு வரி இருந்தது.

"ஐ லவ் லூசி என்பது ஒருபோதும் வெறும் நாடகப் பெயராக இருந்தது இல்லை."

மேலே உட்கார்ந்திருந்த லூசியின் கண்கள் கலங்கின. 1989-ல் அவரும் காலமானார்.

ஜேம்ஸ்டவுன் காட்சிசாலையில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன: "லூசி, டெசி". டானிக் கட்டம், திராட்சைக் கட்டம், சாக்லெட் கட்டம் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, ரசிகர்களில் யாராவது ஒருவர் கேட்பார்:

"அந்தச் சோற்றுக் கட்டம் நினைவு இருக்கிறதா?"

எல்லோரும் மறுபடியும் சிரிக்க ஆரம்பிப்பார்கள்.